உத்தியோகமும் வேலையும்: பட்டதாரி என்கிற பிரச்சினை பற்றிச் சில குறிப்புகள்

2018 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றச் செயலகத்தில் பெருக்குபவர், துப்புரவுப் பணியாளர் என 14 இடங்களுக்கு ஆள் கேட்டார்கள். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. விண்ணப்பித்தவர்களில் பி.டெக்., எம்.டெக்., எம்.பி.ஏ. எல்லாம் இருந்தார்கள். 2019 நவம்பரில் கோவை மாநகராட்சி 549 துப்புரவுப் பணியிடங்களுக்கு ஆள் எடுத்தபோதும் இதே காட்சி. பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. டீக்கடையிலிருந்து தொலைக்காட்சி விவாதம் வரை எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "எஞ்சினியரிங் படிச்சவன் குப்பை அள்ளுறதா?"

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நிறுத்தி வாசிக்கலாம். இதற்குள் சொல்லப்படாத இன்னொரு வாக்கியம் இருக்கிறது: படிக்காதவன் அள்ளலாம். அதற்கும் கீழே, யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவைப்படாத மூன்றாவது வாக்கியம்: அள்ளுறதுக்குன்னுதான் ஆள் இருக்கே. படிப்புக்கும் வேலைக்கும் பொருத்தம் கெட்டுப்போச்சு என்று பதறுகிற நம் பொதுப்புத்தி, பிறப்புக்கும் வேலைக்கும் இருக்கிற பொருத்தத்தைப் பற்றி அதே மூச்சில் மௌனமாக இருக்கிறது. 'படிப்புக்கேற்ற வேலை' என்கிற சொற்சேர்க்கை என்னவோ மழை வெயில் மாதிரி இயற்கையான ஒன்று போலப் புழங்குகிறது. அப்படி இல்லை. அதற்கு ஒரு பிறப்பு உண்டு, பிறந்த இடம் உண்டு, சாதி உண்டு.

முதலில் சொற்களைப் பார்ப்போம். கழனியில் இறங்குகிறவர் செய்வது வேலை, அதற்குக் கிடைப்பது கூலி. தச்சரும் கொல்லரும் செய்வது தொழில். ஆபீசில் நாற்காலி போட்டு உட்காருகிறவருக்கு இருப்பது உத்தியோகம், அவர் வாங்குவது சம்பளம். உத்தியோகத்தை யாரும் 'செய்வதில்லை' என்பது கவனத்திற்குரியது. உத்தியோகம் 'பார்க்கிறார்கள்'. உடம்பு படாத, கண் மட்டும் படுகிற ஒன்றாக மொழி அதை வைத்திருக்கிறது. 'உத்தியோகம் புருஷ லட்சணம்' என்ற பழமொழியில் வருவதும் இந்த உத்தியோகம்தான்; நாற்று நடுகிற பெண்களைப் பற்றி அந்தப் பழமொழிக்கு எந்தக் கவலையும் கிடையாது. பட்டதாரி கேட்பது வேலையை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வரலாற்றில் அவருக்கு வாக்களிக்கப்பட்டது வேலை அல்ல, உத்தியோகம். வேலை இந்த நாட்டில் எப்போதும் இருந்துகொண்டுதான் இருக்கிறது.

இந்த வாக்குறுதியும் அதை ஒட்டிய புகாரும் தமிழ்ச் சூழலில் எப்போது தொடங்குகின்றன? சென்னையிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். நான் வட்டுக்கோட்டையிலிருந்து தொடங்க விரும்புகிறேன். 1823இல் அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியைத் தொடங்கினார்கள். ஆங்கிலம், தமிழ், கணிதம், வானசாஸ்திரம், தத்துவம் என்று அந்தக் காலத்துக்குப் பெரிய பாடத்திட்டம். கிறிஸ்துவைப் பரப்பும் உள்ளூர் ஊழியர்களை உண்டாக்குவது நோக்கம். பையன்கள் என்ன செய்தார்கள்? ஆங்கிலத்தைக் கற்றுக்கொண்டு அரசாங்க உத்தியோகத்துக்கும் கம்பெனிகளின் கணக்கு வேலைக்கும் போனார்கள். 1855இல் அமெரிக்காவிலிருந்து ரூஃபஸ் ஆண்டர்சன் தலைமையில் வந்த மிஷன் தூதுக்குழு கணக்குப் பார்த்தது, செமினரி மூடப்பட்டது. நாம் கொடுத்த படிப்பு ஒன்று, இவர்கள் தேடிய வேலை வேறு என்பதுதான் மூடியதற்கான காரணங்களில் முக்கியமானது. படிப்புக்கும் வேலைக்கும் பொருந்தவில்லை என்ற குற்றப்பத்திரிகை தமிழ் மண்ணில் வாசிக்கப்பட்ட முதல் சந்தர்ப்பங்களில் இது ஒன்று. அப்போதே குற்றவாளிக் கூண்டில் நின்றது மாணவர்தான்.

அந்தச் செமினரியில் படித்தவர்களில் இருவர், சி.வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும், 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆனார்கள். தாமோதரம்பிள்ளையை நாம் வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறோம்: வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை என ஏடுகளிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர். ஆனால் அந்த முதல் பி.ஏ.வுக்குக் கிடைத்த உத்தியோகம் என்ன? கொஞ்ச காலம் ஆசிரியர் வேலை. அப்புறம் நெடுங்காலம் அரசாங்கத்தின் வரவு செலவுக் கணக்கு அலுவலகம். பகலில் சர்க்காரின் கணக்கு, மிச்ச நேரத்தில் செல்லரித்த ஏடு. பிற்பாடு சட்டம் படித்து வக்கீலாகி, புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். அவரைத் தமிழ் வரலாற்றில் நிறுத்திய வேலைக்குச் சம்பளம் கிடையாது, கைக்காசு போனதுதான் மிச்சம். படிப்புக்கேற்ற வேலையைப் பற்றிப் பேசும்போது நம்முடைய முதல் பட்டதாரியின் இந்த இரட்டை வாழ்க்கையை ஓரமாகவாவது ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம். எது அவருடைய படிப்புக்கேற்ற வேலை?

பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. ஆங்கிலம் படித்தவர்களுக்கு அரசு வேலையில் முன்னுரிமை என்று ஹார்டிஞ்ச் 1844இல் அறிவித்தாயிற்று. 1854இன் உட் அறிக்கை அந்தத் தர்க்கத்தை ஒரு கல்வி அமைப்பாக விரித்தது. 1857இல் லண்டனைப் பார்த்துச் சென்னை, பம்பாய், கல்கத்தா மூன்று இடங்களிலும் பல்கலைக்கழகங்கள் வந்தன. அரை நூற்றாண்டு காலம் இவை பாடம் நடத்தவில்லை என்பதை நாம் போதுமான அளவு யோசித்ததில்லை. அவை தேர்வு நடத்தின, சான்றிதழ் கொடுத்தன. அதாவது, அறிவை உற்பத்தி செய்வதற்கு முன்பே தரம் பிரிப்பதை உற்பத்தி செய்யத் தொடங்கிவிட்டன. மெட்ரிகுலேஷன், எஃப்.ஏ., பி.ஏ. என்கிற படிகள் அலுவலகத்தின் படிகளுக்கு அளவெடுத்துத் தைத்தவை. படிப்புக்கேற்ற வேலை என்று நாம் சொல்வதை அன்றைய சர்க்கார் தலைகீழாகத்தான் புரிந்துகொண்டிருந்தது: வேலைக்கேற்ற படிப்பு.

'ஃபெயில்ட் பி.ஏ.' என்ற விசித்திரமான தகுதி பிறந்தது இந்தச் சூழலில்தான். தோற்றுப்போனதையே பட்டமாகப் போட்டுக்கொள்கிற வழக்கத்தைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் சிரித்தார்கள், நம் ஹாஸ்ய எழுத்தாளர்களும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்கு இதில் சிரிக்க எதுவும் தெரியவில்லை. பி.ஏ. வகுப்பு வரை போய் வந்தவன் மெட்ரிகுலேஷனை விட மேல், பி.ஏ.வை விடக் கீழ் என்று அலுவலக ஏணியில் தனக்கொரு படியைத் தானே செதுக்கிக்கொண்டான். ஏணியின் தர்க்கத்தை அவ்வளவு சுத்தமாகப் புரிந்துகொண்டவன் வேறு யாருமில்லை.

ஏணியில் யார் இருந்தார்கள் என்பது தெரிந்த கதைதான், ஆனாலும் எண்களைச் சொல்லியாக வேண்டும். 1913இல் அரசுப்பணி ஆணையத்தின் முன் அலெக்சாண்டர் கார்டியு கொடுத்த கணக்கின்படி, 1892 முதல் 1904 வரை மாகாண சிவில் சர்வீஸ் போட்டித் தேர்வில் தேறிய 16 பேரில் 15 பேர் பிராமணர்கள். 1913இல் 128 மாவட்ட முன்சீப்புகளில் 93 பேர் பிராமணர்கள். மக்கள்தொகையில் அவர்கள் சுமார் 3 சதவீதம். 1916 டிசம்பரில் பி. தியாகராயச் செட்டியார் பெயரில் வெளிவந்த பிராமணரல்லாதார் அறிக்கை இந்தக் கணக்குகளைத்தான் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. அதோடு, பல்கலைக்கழகத்தில் பதிவு செய்த 650 பட்டதாரிகளில் 452 பேர் பிராமணர்கள் என்பதையும். நம் அரசியலின் நவீன காலம் ஒரு பட்டதாரிப் பட்டியலிலிருந்து தொடங்கியது எனலாம். ரொம்ப மிகையில்லை.

நீதிக்கட்சியை உத்தியோகக் கட்சி என்று அன்றைய தேசியவாதிகள் ஏசினார்கள். ஏற்கெனவே உத்தியோகத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது கௌரவக் குறைவாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. 1921இல் வகுப்புவாரி அரசாணை வந்தது. 1927இல் அது ஒரு சுழற்சி முறையாக உறுதிப்பட்டது: 12 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறிஸ்தவர் மற்றும் ஆங்கிலோ இந்தியருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. உடனே 'திறமை போச்சு, தகுதி போச்சு' என்ற கூக்குரல் கிளம்பியது. படிப்புக்கும் வேலைக்கும் இடையிலிருந்த பொருத்தம் எவ்வளவு தூரம் சாதிப் பொருத்தமாக இருந்தது என்பதை அந்தக் கூக்குரல்தான் அம்பலப்படுத்தியது. அதே நேரத்தில், 12இல் 1 என்பதை நாமும் கொண்டாட்டமாகத் தாண்டிப் போய்விட முடியாது. மாகாணத்தின் வயல்வேலையின் பெரும்பகுதியைச் செய்துகொண்டிருந்தவர்களுக்கு உத்தியோகத்தில் கிடைத்த பங்கு பன்னிரண்டில் ஒன்று. அந்த ஒன்றை நிரப்புவதற்கும் பட்டம் வேண்டும். பட்டத்துக்குப் பள்ளிக்கூடம் வேண்டும். பள்ளிக்கூடம் அக்கிரகாரத்திலும் ஊர்த்தெருவிலும் இருந்தது.

இதே இருபதுகளில்தான் 'படித்தவர் வேலையின்மை' என்ற சொல்லாடல் அரசுக் காகிதங்களுக்குள் நுழைகிறது. 1927இல் சென்னை மாகாணத்தில் ஒரு அறிக்கை, 1928இல் திருவிதாங்கூரில் ஒன்று, 1935இல் ஐக்கிய மாகாணத்தில் தேஜ் பகதூர் சாப்ரு தலைமையில் பெரிய அறிக்கை. எல்லாமே படித்த நடுத்தர வகுப்பின் வேலையின்மையைப் பற்றியவை. பஞ்ச காலத்தில் வேலை இல்லாமல் மலேயாவுக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் கப்பலேறியவன் 'வேலையற்றவன்' ஆகவில்லை. அவன் கூலி, அவனுக்கு வேறு இலாகா. உத்தியோகம் கிடைக்காதவன்தான் 'வேலையற்றவன்'. சும்மா இருக்கும் படித்தவனால் அரசுக்கு ஆபத்து என்ற பயமும் அந்தக் காகிதங்களுக்குப் பின்னால் இருந்தது. இலக்கியப் படிப்பைக் குறை, தொழிற்கல்விக்குத் திருப்பிவிடு, விவசாயத்துக்கு அனுப்பு என்பவை அங்கிருந்து திரும்பத் திரும்ப வந்த மருந்துகள். 1937இன் அபட்-உட் அறிக்கையும் தொழிற்கல்வியைத்தான் பேசியது. தொழிற்கல்வியில் எனக்கு விரோதமில்லை. ஆனால் யாருடைய பிள்ளையை எங்கே திருப்பிவிடுவது என்ற கேள்வி வந்ததும் மருந்தின் உண்மையான குணம் தெரிந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் அது 1953இல் தெரிந்தது. ராஜாஜியின் ஆரம்பக் கல்வித் திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மூன்று மணி நேரம். மிச்ச நேரம் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். குலக்கல்வி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. காகிதத்தில் அதற்குச் சிக்கனக் காரணங்களும் காந்தியக் காரணங்களும் இருந்தன. ஆனால் வெட்டியானின் மகன் மத்தியானத்துக்கு மேல் எதைக் கற்றுக்கொள்வான் என்று கேட்டால் திட்டத்திடம் பதில் இல்லை. 1954இல் ராஜாஜி போனார், காமராஜ் ஆட்சி திட்டத்தைக் கைவிட்டது. படித்து விட்டுச் சும்மா இருப்பதற்கான உரிமையும் அன்றைக்குச் சேர்ந்துதான் காப்பாற்றப்பட்டது என்று சொன்னால் சில தோழர்களுக்குக் கோபம் வரலாம். ஆனால் அப்பன் தொழிலுக்குத் திரும்பாமல் காத்திருக்க முடிவதே ஒரு தலைமுறைக்கு விடுதலையாக இருந்தது.

வட்டுக்கோட்டையில் தொடங்கியதால் இலங்கையை ஒரு தடவை தொட்டுவிட்டு வர வேண்டும். அங்கே 1971 ஏப்ரலில் சிங்கள இளைஞர்களின் ஆயுதக் கிளர்ச்சி நடந்தது. இலவசக் கல்வியில் தாய்மொழியில் படித்துவிட்டு, ஆங்கிலம் தெரிந்தவர்களின் வாசலில் நின்று சலித்த தலைமுறை அது. அதே வருஷம் டட்லி சீயர்ஸ் தலைமையில் வந்த உலகத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் குழு ஓர் அறிக்கை கொடுத்தது. வேலைவாய்ப்புகளையும் எதிர்பார்ப்புகளையும் பொருத்துவது என்பது அதன் தலைப்பின் சாரம். பொருத்தும்போது எதை வெட்டுவது? வாய்ப்பைக் கூட்டுவது கஷ்டம், எதிர்பார்ப்பை வெட்டுவது சுலபம். யாருடைய எதிர்பார்ப்பு என்பதற்கும் அதே வருஷம் பதில் கிடைத்தது: பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்து தமிழ் மாணவர்களுக்கான மதிப்பெண் வரம்பை உயர்த்தியது. பிறகு நடந்தது அனைத்துக்கும் அதுவே காரணம் என்று சொல்வது வரலாறாகாது. ஆனால் யாழ்ப்பாணத்தின் ஒரு தலைமுறையிடம் அது என்ன செய்தது என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நம் பக்கத்தில் எதிர்பார்ப்பை வெட்டவில்லை, வரிசையில் நிறுத்தினார்கள். வேலைவாய்ப்பு அலுவலகங்கள் 1945இல் தொடங்கியபோது அவை போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கானவை. 1948இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். 1959இல் காலியிடங்களை அறிவித்தாக வேண்டும் என்று சட்டம் வந்தது. பதிவு மூப்பு என்ற கோட்பாட்டுக்கு நம் சமூக வரலாற்றாசிரியர்கள் இன்னும் நியாயம் செய்யவில்லை. மூணு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய அட்டை. மறந்தால் சீனியாரிட்டி போச்சு. என்னிடமும் ஒன்று இருந்தது, மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டி, அம்மாவின் டிரங்குப் பெட்டியில். அட்டையைப் புதுப்பிக்க பஸ் ஏறிப் போகிற நாள் ஒரு நோன்பு நாள் மாதிரி. நாற்பது வயதில் ஆசிரியர் வேலைக்குக் கடிதம் வந்தவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். 2010களில் தமிழ்நாட்டில் பதிந்தவர் எண்ணிக்கை 80 லட்சத்தைத் தாண்டியது. 2006இல் தொடங்கி, பிறகு உயர்த்தப்பட்ட வேலையற்றோர் உதவித்தொகையில் பத்தாம் வகுப்புத் தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், பட்டதாரிக்கு 600 ரூபாய் என்றானது. ஏணி பாருங்கள், சும்மா இருப்பதிலும் படி வைத்திருக்கிறது.

இந்தக் காத்திருப்பின் கலை வடிவமாகப் பலரும் சொல்வது பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு' (1980). டெல்லியில் பட்டினி கிடக்கும் பட்டதாரி ரங்கன், சங்கீத வித்வானின் மகன். கடைசியில் முடிதிருத்தும் கடையில் வேலைக்குச் சேர்கிறான், தகப்பன் அவனை அங்கே பார்க்கிறார். அரங்கமே கலங்கிய காட்சி. எந்தத் தொழிலும் இழிவில்லை என்பது படத்தின் செய்தி. அந்தக் கத்தரிக்கோலை ரங்கன் எடுக்கும்போது அது தியாகமாகவும் புரட்சியாகவும் ஆகிறது. அதே கத்தரிக்கோலுடன் பிறந்து, அதே தத்துவம் படித்து, கடைசியில் அப்பா கடைக்கே திரும்புகிறவனைப் பற்றிப் படமெடுத்தால் யார் கலங்குவார்கள்? அது கதையே ஆகாது, பொருத்தமாகத்தானே இருக்கிறது!

எண்பதுகளின் நடுவிலிருந்து சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகின. பிற்பாடு ஐந்நூறைத் தாண்டின. 2021-22இல் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47, இந்திய சராசரி 28 சொச்சம். இது சாதாரண விஷயமில்லை, நூறு வருஷப் போராட்டத்தின் விளைவு. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் வந்து சேர்ந்ததும் பழைய குற்றப்பத்திரிகை புது மொழியில் வாசிக்கப்படுகிறது: 'திறன் இல்லை', 'வேலைக்கு லாயக்கில்லாத பட்டதாரிகள்'. 1855இல் மிஷன் சொன்னதற்கும் இதற்கும் தொனியில்தான் வித்தியாசம். கல்லூரியை நடத்திக் கட்டணம் வாங்கியவர் கூண்டில் இல்லை. நிலத்தை விற்றுக் கட்டணம் கட்டியவரின் மகன் கூண்டில் இருக்கிறான்.

அரசின் தொழிலாளர் கணக்கெடுப்புகள் வருஷா வருஷம் ஒன்றைக் காட்டுகின்றன: எழுத்தறிவில்லாதவர்களிடம் வேலையின்மை விகிதம் மிகக் குறைவு, பட்டதாரிகளிடம் பல மடங்கு அதிகம். இதை வைத்துப் படிப்பே வேலையைக் கெடுக்கிறது என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எழுத்தறிவில்லாதவர் வேலையில்லாமல் இருக்க முடியாது, அவ்வளவுதான். சாயங்காலம் உலை வைக்க வேண்டுமே. 2018இல் பத்தாம் வகுப்புத் தகுதியுள்ள குரூப் 4 தேர்வில் 9,351 இடங்களுக்கு 20 லட்சம் பேருக்கும் மேல் விண்ணப்பித்தார்கள். பட்டதாரிகளும் முனைவர்களும் அதில் உண்டு. இவர்களுக்கு ஏன் இந்த அரசு வேலைப் பைத்தியம் என்று கேட்கிறவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் வேறு வரிசையில் நிற்கிறார்கள். 12இல் 1 என்று தொடங்கிய சுழற்சிக்கு மரியாதை இருக்கிற ஒரே வாசல் அரசு வாசல்தான். தனியார் வாசலில் பட்டத்தைக் கேட்டபிறகு மாமா பெயரையும் கேட்கிறார்கள்.

மறுபடியும் துடைப்பத்துக்கு வருவோம். கோவையிலும் செயலகத்திலும் பட்டதாரிகள் கேட்டது துப்புரவு வேலையை அல்ல. காலமுறைச் சம்பளம், விடுப்பு, நிரந்தரம் ஆகியவை ஒட்டிய ஒரு பணியிடத்தை. அதாவது, உத்தியோகத்தை. அதே குப்பை ஒப்பந்தத்தில் அள்ளப்படும்போது எந்த எம்.டெக்.கும் விண்ணப்பிப்பதில்லை, பத்திரிகைகளும் பதறுவதில்லை. 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் இரண்டு மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து ரிப்பன் மாளிகை வாசலில் துப்புரவுத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், இரவும் பகலுமாக உட்கார்ந்தார்கள். பதிமூன்றாம் நாள் நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. அவர்கள் கேட்டதும் உத்தியோகம்தான். வேலை அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது, தலைமுறை தலைமுறையாக.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், ஒரு நகராட்சித் துப்புரவுத் தொழிலாளியின் மகள், வரலாற்றில் எம்.ஏ. படித்தவர். அப்பா பணியிலிருக்கும்போதே இறந்துபோனார். வாரிசு வேலைக்கு மனு எழுதும்போது இளநிலை உதவியாளர் பணி என்று போட்டார். அங்கிருந்த ஊழியர், கெட்ட மனுஷனும் அல்ல, அக்கறையோடுதான் சொன்னாராம்: "ஏம்மா, இது வந்து சேர வருஷக்கணக்காகும். அப்பா இடத்தையே கேட்டா சீக்கிரம் முடியும், பழகின வேலைதானே?" அவர் துடைப்பத்தை ஒரு நாளும் பழகியதில்லை. மனுவை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஒரு வாரம் கழித்து மறுபடியும் போனார், அதே மனுவை, அதே பணியின் பெயரோடு, திருத்தாமல் கொடுத்துவிட்டு ரசீது வாங்கி வந்தார். ரசீதின் நகல் என்னிடமும் ஒன்று இருக்கிறது. ஐந்து வருஷமாகிறது.